மண் இளகும்வரை

பத்து மணிக்குத்தான் விடிகிறது இங்கே, ஜூலையில்.
புந்தா அரேனாஸில் சூரியனை நம்பி யாரும் எழுவதில்லை.
எங்களை எழுப்பத் தெத்தேரா இருந்தாள்.
தெத்தேரா என்றால் இந்த ஊர்ப் பேச்சில் கெண்டி.
மடியில் ஏறியதும் கொதிக்கத் தொடங்கிவிடுவாள்,
அப்படி வந்த பெயர். வைத்தது நான்.
அன்செல்மோவுக்கு அவள் எப்போதும் 'பிராணி'.
பிராணி சாப்பிட்டதா?
பிராணி ஏன் என் நாற்காலியில்?

நண்டுப் படகிலிருந்து அவளைச் சட்டைக்குள் வைத்து
வீட்டுக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான்,
பதினான்கு வருடம் முன்பு,
எலிக்காக என்று சொல்லி.
எங்கள் வீட்டில் எலியே கிடையாது.

மார்ச்சில் ஒருநாள்
தண்ணீர்க் கிண்ணம் மூன்று முறை காலியானது.
டாக்டர் யெர்கா ரசீதின் பின்புறம்
ஓர் அவரை விதை வரைந்தார்,
பக்கத்தில் இன்னொன்று, வற்றிப்போனது.
"இரண்டுமே இப்படி ஆகிவிட்டன" என்றார்.
எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கவில்லை.
ஊசி என்ன விலை என்று கேட்டோம்.

திரைச்சீலைக் கம்பியில் உப்புநீர்ப் பை தொங்கியது.
தினம் நூறு மில்லி.
தோள்பட்டைத் தோலைக் கூடாரம்போல் தூக்கிக் குத்த வேண்டும்;
அது என் வேலை,
சுங்க அலுவலகத்தில் முத்திரை குத்திப் பழகிய கை, நடுங்காது.
முதல் நாள் குளிர்ந்த நீர் உள்ளே இறங்கியதும்
அவள் வால்வரை சிலிர்த்தாள்.
மறுநாளிலிருந்து அன்செல்மோ ஆறு மணிக்கே எழுந்து
பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கினான்.
எடுத்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பான்
பால்புட்டியைப் பார்ப்பதுபோல.
எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.
எங்கே கற்றுக்கொண்டான்,
நான் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு மாலை
நண்டுக் கால் ஒன்றை முழுசாகத் தின்றாள்.
நாங்கள் ஒயின் திறந்தோம்.
இப்போது நினைத்தால்
அந்தப் புட்டிமேல்தான் கோபம் வருகிறது.

இரண்டு கிலோ முந்நூறு.
டாக்டர் வீட்டுக்கே வந்து
முன்னங்காலில் ஒரு சிறு சதுரம் மழித்தார்.
உள்ளே தோல் இளஞ்சிவப்பாய், நேற்றுப் பிறந்ததுபோல.
அடுப்பை அணைத்த பிறகும்
கெண்டி கொஞ்ச நேரம் முனகுமே,
அப்படி.
பிறகு அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு ரொசாமெல் கடப்பாரையோடு வந்தார்.
நாலு விரல் ஆழத்துக்குமேல்
நிலம் பொறியைத்தான் கொடுத்தது.
"செப்டம்பர்வரை பொறுங்கள்" என்றார்,
எங்களைப் பார்க்காமல்.
பூட்ஸ் பெட்டியில், அன்செல்மோவின் பச்சைக் கம்பளிச் சட்டைக்குள்,
கொட்டகையில் வைத்தோம்.
அங்கே எதுவும் கெடாது. வார்னிஷ்கூட உறைந்திருக்கிறது.

மறுநாள் காலை
சமையலறையில் பாத்திரம் முணுமுணுத்தது.
போய்ப் பார்த்தேன்.
வெந்நீரில் பை.
அவன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டான்,
சூடு சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்,
அப்படியே நின்றுகொண்டிருந்தான்,
யார்மேலாவது சிந்திவிடும்போல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு.
நான் வாங்கி, துடைத்து,
வேறெங்கே வைப்பது என்று தெரியாமல்
கம்பியிலேயே மாட்டினேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவான்.
"வலைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்."
வலைகளை விற்று ஐந்து வருடமாகிறது.
"சரி" என்பேன்.

செப்டம்பர் பத்தொன்பது. மண் இளகிவிட்டது.
நீரிணையிலிருந்து காற்று, நிற்கவிடாத காற்று.
மூடும்போது ஒருமுறையாவது
அவள் பெயரைச் சொல்வான் என்று காத்திருந்தேன்.
"காதை மூடிக்கொள்" என்றான் என்னிடம்.

பையை இன்னும் யாரும் கழற்றவில்லை.
திரையை முழுக்க இழுக்க முடிவதில்லை.
இப்போது சீக்கிரமே வருகிற வெயில்
அந்த நானூறு மில்லிக்குள் புகுந்து
தரையில் ஒரு வெளிச்சத்தைப் போடுகிறது,
கையகலம், நடுங்கிக்கொண்டே.
காப்பியோடு வருகிற அன்செல்மோ
அதை மிதிக்காமல்
சுற்றிக்கொண்டு போகிறான்.